எஸ்தரின் ஆப்பிரிக்கா அம்மா

எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி அடுத்த மாதம் ஊழியத்துக்காக ஆப்பிரிக்கா போகிறார்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, கொசுவலையைத் தூக்கிக் கட்டாதே, ஷூவை உதறிவிட்டுக் கால் நுழை என்று நான் ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் ஏற்கனவே போனில் படித்துவிட்டார்கள். பையன் பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்தான் மடியில் இருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஆன்ட்டி, இவளக் கூட்டிட்டுப் போறதா, எங்கம்மாகிட்ட விட்டுட்டுப் போறதா? தினமும் வீடியோ கால்ல பாத்துக்கலாமேன்னு இவர் சொல்றார்."

எதற்கெடுத்தாலும் பட்டென்று பதில் சொல்லிப் பெயர் வாங்கியவள் நான். அன்றைக்கு எழுந்து அடுப்படிக்குப் போனேன். காபி கொடுத்து, எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுதத் தெரிந்த கையல்ல இது. ஊசி போட்ட கை, பிரசவம் பார்த்த கை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நர்ஸிங் படித்தேன், மிட்வைஃபரி படித்தேன், தலைமை நர்ஸிடம் திட்டு வாங்கினேன். அந்த நாலு வருஷத்துக்கு அவ்வளவு சொன்னால் போதும். கல்யாணமானது சாமுவேலை. பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்றே, "நான் ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போறதா ஜெபிச்சிட்டிருக்கேன், உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டேன். அறுபதுகளின் நடுவில், எஸ்தர் கைக்குழந்தையாக இருந்தபோது, பம்பாயில் கப்பல் ஏறித் தான்சானியாவில் இறங்கினோம்.

சிவப்பு மண் மேடு ஒன்றில் எங்கள் ஸ்டேஷன். மிஷன் வளாகத்தை அப்படித்தான் சொல்வோம். ஒரு டிஸ்பென்சரி, பிரசவ அறை, பள்ளிக்கூடம், தகரக் கூரை போட்ட கோவில். சாமுவேல் காலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். சாயங்காலம் சைக்கிளில் கிராமங்களுக்குப் போய் ஜெபக்கூட்டம் நடத்துவார். ஸ்வாஹிலிப் பாட்டை நம் கீர்த்தனை மெட்டில் போட்டுப் பாடுவார். அந்த ஊர்க்காரர்கள் அதற்கு அவர்கள் தாளத்தைப் போட்டு ஆடத் தொடங்கியதும், நம் மெட்டு எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. எனக்குப் பொழுது விடிவதே பிரசவ வலியில்தான். மத்தியானம் மக்காச்சோள மாவைக் கிளறிய உகாலி. அங்கேயும் புளியமரம் உண்டு, அதனால் ரசம் தப்பியது. ஊழியம் என்றால் பிரசங்கம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். என் ஊழியம் பெரும்பாலும் வெந்நீர் வைப்பதிலும் துணி அலசுவதிலும் போனது.

எங்களுக்கு மேலே டாக்டர் இங்க்ரிட். டென்மார்க்காரி, நெட்டையான பெண்மணி. கான்வாஸ் ஷூ, நிதானமான பேச்சு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அந்த ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் "கரிபு", அதாவது வாருங்கள் என்று சொன்ன பிறகுதான் படியில் கால் வைக்கலாம். நோயாளி வீட்டில்கூட டாக்டர் இதை மாற்றமாட்டார். ஒருமுறை உள்ளே ஒருத்திக்கு உதிரப்போக்கு. இவரோ குடிசைக்கு வெளியே ஹோடி சொல்லிவிட்டுப் பையைப் பிடித்தபடி நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ளே உயிர் போகிறது, நீங்கள் வாசலில் மரியாதை பார்க்கிறீர்களே!" என்று ஆங்கிலத்தில் வெடித்தேன்.

"நான் கூப்பிடாமல் நுழைந்தால் இன்றைக்கு ஒருத்தியைக் காப்பாற்றலாம். அடுத்த முறை கதவைச் சாத்திக்கொள்வார்கள்" என்றார், தலையைத் திருப்பாமல். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு கிழவி கரிபு என்றாள். அந்தப் பெண் பிழைத்தாள். அதற்குப் பிறகும் எனக்கு அந்த வழக்கம் பிடிபட நாளானது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு போகிற ஜாதி.

எஸ்தருக்கு இரண்டு வயது முடியும்போது மலேரியா வந்தது. ஒருமுறை வந்து போனது. மறுமுறை வந்தபோது வலிப்போடு வந்தது. டாக்டர் இங்க்ரிட் பாய் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஈரத்துணியால் துடைப்பார், இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மண்ணீரல் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்ப்பார், மறுபடி துடைப்பார். காய்ச்சல் இறங்கிய பிறகு எங்கள் இருவரையும் வெளியே கூப்பிட்டார்.

"இன்னொரு காய்ச்சலை இந்தக் குழந்தை தாங்காது. ஊருக்கு அனுப்பிவிடுங்கள்."

அனுப்பினோம். பம்பாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குஜராத்திக் குடும்பத்தோடு கப்பலில் அனுப்பினோம். அங்கே போய் அவளைக் கூட்டி வந்தவர் என் கணவரின் அக்கா ஞானம். கிழக்குத் தாம்பரத்தில் பெண்கள் பள்ளி டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான் அண்ணி என்பேன். எஸ்தருக்கு அத்தை.

விடுப்பில் நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயது நெருங்கியிருந்தது. ரயில் நிலையத்திலிருந்து ரிக்ஷாவில் வந்து இறங்கினோம். வாசலில் இரட்டைப் பின்னலோடு நின்றாள். நான் ஓடிப் போய்த் தூக்கிக்கொண்டேன். மரக்கட்டை மாதிரி இருந்தாள். இறக்கிவிட்டதும் உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்து வந்து போட்டாள்.

"உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டுமா?"

அண்ணி எவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறார் என்று முதலில் பெருமைப்பட்டேன். அன்று சாயங்காலம் குடும்ப ஜெபம். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. டிஸ்பென்சரி வாசலில் வெள்ளை யூனிபாரமும் தொப்பியுமாக நான் நிற்கிற படம், சாமுவேல் எடுத்து அனுப்பியது. குழந்தைக்குத் தாய் முகம் மறந்துவிடக்கூடாது என்று அண்ணி ஒருநாள்கூடத் தவறாமல் அந்தப் படத்துக்கு எதிரே அவளை உட்கார வைத்து ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். எஸ்தர் கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

"ஆண்டவரே, ஆப்பிரிக்காவில இருக்கிற எங்கம்மாவைப் பத்திரமா பாத்துக்கும். அம்மாவுக்குக் காய்ச்சல் வராம காத்துக்கும். சீக்கிரம் என்கிட்ட கூட்டிட்டு வாரும். ஆமென்."

நான் அவள் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மாதான் வந்துட்டாளே, கண்ணு. இதோ" என்றார் அண்ணி, பதறிப் போய்.

எஸ்தர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். "இவங்க இல்ல அத்தை. அந்த அம்மா" என்றாள், தெரியாதவருக்கு வழி சொல்கிற மாதிரி.

சாமுவேல் தப்பித்தார். படம் எடுத்தவர் ஆனதால் படத்தில் அவர் இல்லை. முகம் தெரியாத அப்பாவின் இடத்தில் அவரை உட்கார வைத்துக்கொள்ள அவளுக்குச் சிரமமே இல்லை. மறுநாளே அவர் தோளில் ஏறிப் பால் வாங்கப் போனாள். எனக்குத்தான் வீட்டில் இடம் காலி இல்லை. அங்கே ஏற்கனவே ஓர் அம்மா இருந்தாள், அவள் வெள்ளையில் இருந்தாள், அவளுக்குக் கோபமே வராது.

நான் அழுகிறேனே என்று அண்ணி என்னைவிட அதிகமாக அழுதார். "நான் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்." எனக்குத் தெரியாதா? அவர் இல்லாவிட்டால் குழந்தையே இல்லை. அண்ணியோடு எஸ்தர் நாள் முழுக்கச் சண்டை போடுவாள். தோசை தடியாக இருக்கிறது என்பாள். தலை பின்னும்போது, "அத்தை, நீ இழுக்கிற, வலிக்குது!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். நான் பின்னினால் வாயே திறக்கமாட்டாள். கண்ணில் நீர் முட்டினாலும், "நல்லாருக்குங்க, தேங்க்ஸ்" என்பாள். ஒரு குழந்தையின் மரியாதை இவ்வளவு சுடும் என்று எந்த நர்ஸிங் பள்ளியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

விடுப்பு என்றால் ஓய்வு என்று நினைக்காதீர்கள். ஞாயிறுதோறும் ஒரு சபைக்குப் போய் ஊழியத்தைப் பற்றிப் பேச வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை, படப்பை என்று சுற்றினோம். எங்கே போனாலும் ஒரே கேள்விதான். பம்மலில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்.

"சிஸ்டர், அங்க சிங்கம் கீதாமே? வூட்டாண்ட வந்துகினு போவுமா?"

"நான் பாத்த ஒரே சிங்கம் மூர் மார்க்கெட் பக்கத்துல, கூண்டுக்குள்ளதாங்க" என்றேன். ஏமாந்து உட்கார்ந்துவிட்டார். பாவம், ஒரு சிங்கத்தையாவது சொல்லியிருக்கலாமே என்று சாமுவேல் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைக் கேலி செய்தார்.

அந்தப் பம்மல் கூட்டத்துக்கு யூனிபாரத்தில் வரும்படி சபைச் செயலாளர் கேட்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. பெட்டியிலிருந்து எடுத்து, கஞ்சி போட்டு, தொப்பிக்குப் பின் குத்திக்கொண்டு, அந்தப் படத்தில் நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு எஸ்தர் முன்னால் போய் நின்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அத்தை, இங்க வாயேன்! இவங்க எங்கம்மா மாதிரியே வேஷம் போட்டிருக்காங்க!"

அன்றைக்குப் பம்மலில் நான் நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

விடுப்பு முடிய இருந்தது. நாங்கள் திரும்பிப் போக வேண்டும். எங்களை அனுப்பிய கமிட்டிக்காரர்கள் நல்லவர்கள், ஆனால் எல்லாமே அவர்களுக்குச் சுலபமாகத் தெரிந்தது. "குழந்தை டீச்சர்கிட்ட நல்லாத்தானே இருக்கு? கர்த்தருடைய வேலையாச்சே" என்றார் ஒருவர். "உங்க பிள்ளைய எந்த ஊர்ல விட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். சாமுவேல் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். கூட்டிப் போனால் காய்ச்சல். விட்டுப் போனால் அடுத்த முறை வரும்போது பத்து வயதுப் பெண் ஒருத்தி எனக்கு நாற்காலி போடுவாள். நான் இங்கேயே தங்கிவிட்டால் சாமுவேல் தனியாகப் போவார், பிரசவ அறை பூட்டிக் கிடக்கும். அந்த அறையில் சாகப் பிழைக்கக் கிடந்தவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும். மூன்று வழி, மூன்றிலும் முள்.

இந்த நிலையில்தான் டாக்டர் இங்க்ரிட் வந்தார். அவருக்கும் விடுப்பு. தெற்கே ஒரு தொழுநோய் மருத்துவமனையில் இருந்த தோழியைப் பார்க்கப் போகிற வழியில் மின்சார ரயிலில் வந்து தாம்பரத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணி பள்ளிக்கூடத்தில். சாமுவேல் கடைக்குப் போயிருந்தார். நான் பின்கட்டில் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஹோடி என்று குரல் கேட்டது. கையில் சோப்பு நுரையோடு வீட்டைச் சுற்றி ஓடி வந்தேன். என்னைப் பார்த்ததும் டாக்டர், அங்கேயே நில் என்று கையைக் காட்டினார்.

எஸ்தர் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தாள். "யாரு? அத்தை ஸ்கூலுக்குப் போயிருக்காங்க."

"ஹோடி" என்றார் டாக்டர், வெயிலில் நின்றபடி.

எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தார். "பாப்பா, வெள்ளைக்காரம்மா இன்னாவோ விக்கறதுக்கு வந்து கீறாங்க. வாணாம்னு சொல்லிடு."

எஸ்தர் யோசித்தாள். கதவைச் சாத்தினாள். மறுபடி திறந்தாள். டாக்டர் அசையவில்லை. முகம் தக்காளி மாதிரி சிவந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், எனக்கே போய்க் குடை பிடிக்கலாம் போல இருந்தது. கடைசியில் கதவு முழுசாகத் திறந்தது.

"சரி, உள்ள வாங்க. ஷூவ வெளிய விடுங்க."

உள்ளே போனதும் டாக்டர் தரையில் உட்கார்ந்தார். முதலில் எஸ்தரின் பொம்மைக்கு நாடி பார்த்தார். பொம்மையின் கண் இமையை விலக்க முடியவில்லை என்று வருத்தப்பட்டார். பிறகு எஸ்தரே பாயில் படுத்து, தன் கண்ணைத் தானே விரித்துக் காட்டினாள். இடது விலாவுக்குக் கீழே அதே விரல்கள். மூச்சை இழு, விடு, மறுபடி இழு. நான் மூச்சே விடவில்லை.

"மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை. எடை போட்டிருக்கிறாள். அப்போது இருந்தது வேறு குழந்தை" என்றார். "வாராவாரம் மாத்திரை, தினமும் வலை. தாங்குவாள் என்று நினைக்கிறேன். சத்தியம் செய்து தரமாட்டேன்."

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். படம், ஜெபம், நாற்காலி, யூனிபாரம் எல்லாம். அவர் கேட்டு முடித்துவிட்டு, "வருகிறாயா என்று அவளைக் கேட்டீர்களா?" என்றார்.

அந்தக் காலத்தில் ஆறு வயதுப் பிள்ளையை யார் கேட்டது? எங்கே வைத்தார்களோ அங்கே இருந்தோம். அன்று சாயங்காலம் அண்ணியும் சாமுவேலும் இருக்கும்போது அவள் எதிரே உட்கார்ந்தேன். கதவைத் தள்ளிப் பழகிய நான் அன்றைக்குத்தான் வெளியே நின்று கூப்பிட்டேன்.

"எஸ்தர், நாங்க ஆப்பிரிக்காவுக்குத் திரும்பப் போறோம். நீயும் வர்றியா? வரலன்னா பரவால்ல. நான் கோச்சுக்கமாட்டேன்."

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையைக் குனிந்து முந்தானை நுனியை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அங்க அந்த அம்மா இருப்பாங்கல்ல?"

சாமுவேல் எழுந்து வெளியே போய்விட்டார்.

"இருப்பாங்க" என்றேன்.

"அப்ப வர்றேன்."

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணி மறுநாள் அவளைத் தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். வழியனுப்ப ரயில் நிலையம் வரை வரவில்லை. "எனக்கு ஸ்கூல் இருக்கு" என்றார். அன்றைக்குப் பள்ளி விடுமுறை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு மனுஷி இனிமேல் எனக்குக் கிடைக்கமாட்டார்.

கப்பலில் எஸ்தர் குஷியாக இருந்தாள். அம்மாவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று என்னிடமே ஒத்திகை பார்த்தாள். "எனக்கு ரெண்டு பல்லு விழுந்துருச்சுன்னு சொல்லணும். நீங்க ஞாபகப்படுத்துங்க, சரியா?" சரி என்றேன்.

ஸ்டேஷன் மேட்டில் லாரி ஏறுவதற்குள் பெண்கள் ஓடி வந்தார்கள். "மாமா எஸ்தா! மாமா எஸ்தா!" அந்த ஊரில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டால் அவள் சொந்தப் பெயர் போய்விடும். மாமா என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. தலைப்பிள்ளையின் பெயரைச் சேர்த்து, எஸ்தரின் அம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அவளைப் பிரிந்திருந்த வருஷங்களிலும் நாள் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார்கள். வலியில் கத்துகிறவர்களும் அதைச் சொல்லித்தான் கத்துவார்கள். எஸ்தர் என் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அன்று இரவு சீக்கிரமே தூங்கிவிட்டாள்.

காலையில் யூனிபாரம் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரியைத் திறக்கப் போனேன். வழக்கம்போல் வரிசையில் பெண்கள், முதுகில் குழந்தைகள். எஸ்தர் பின்னாலேயே வந்தாள். முற்றத்தின் நடுவில் நின்றாள். கதவைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தாள்.

"இங்க வேற நர்ஸ் இல்லையா?"

"இல்லம்மா. நான் ஒருத்திதான்."

வரிசையில் ஒருத்தி, இருமும் குழந்தையை எனக்குக் காட்டி, மாமா எஸ்தா என்று கூப்பிட்டாள். எஸ்தர் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை. கீழுதடு துடிக்க ஆரம்பித்தது.

"நீதானா?"

"நான்தான்."

ஓடி வந்தாள். கட்டிக்கொள்ள வருகிறாள் என்று குனிந்தேன். இரண்டு கையாலும் என் மார்பிலும் தோளிலும் அடித்தாள். தொப்பி கழன்று விழுந்தது. அத்தனை மாதம் நாற்காலி போட்ட பிள்ளை, நன்றி சொன்ன பிள்ளை, தொண்டை கிழியக் கத்தியது.

"நீதான்னா ஏன் என்கிட்ட வரவே இல்ல? நான் தினம் கேட்டேன்ல! தினமும் கேட்டேன்ல! ஏன் வரல நீ?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடிக்கட்டும் என்று விட்டேன். கை ஓய்ந்ததும் அவளே என் மடியில் விழுந்தாள். நாங்கள் பேசிய தமிழில் ஒரு சொல்லும் அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒருத்தி "போலே" என்று மெல்லச் சொன்னாள். யார் வலியைப் பார்த்தாலும் அவர்கள் சொல்கிற சொல் அது. பக்கத்தில் இருந்தவளும் சொன்னாள். பிறகு வரிசை முழுக்கச் சொன்னது. அவளுக்குச் சொன்னார்களா எனக்குச் சொன்னார்களா என்று நான் பார்க்கவில்லை, இரண்டு பேரும் ஒரே குவியலாகக் கிடந்தோம்.